கடைமடைக்கும் அலை போக வேண்டும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கழகத் தோழர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். கதை, கவிதை எழுத நம் கழகத்தில் திறமையானவர்கள் பலர் உண்டு. நானோ கணினி வலையமைப்புப் படிக்கும் மாணவன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்ததால், என் துறையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வாய்ப்பு இதுவரை எனக்கு அமைந்ததே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வைஃபையைப் பற்றியே எழுதுகிறேன். வைஃபை கட்டுப்படுத்தி என்ற கருவி என்ன செய்கிறது, அதை எப்படி அமைப்பது, அமைக்கும்போது நான் செய்த தவறு என்ன என்பனவற்றை இக்கட்டுரையில் காணலாம்.

வாய்க்கால் ஊர்

எங்கள் ஊர் பாரிட் புந்தார். பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில் இருக்கிறது. கிரியான் ஆற்றுக்கு அக்கரையில் ஒருபுறம் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால், இன்னொருபுறம் கெடா மாநிலத்தின் பண்டார் பாரு. மலாய் மொழியில் 'பாரிட்' என்றால் வாய்க்கால். பெயருக்கு ஏற்ற ஊர்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. நம்மவர்கள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து அவற்றில் உழைத்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் நீர்ப்பாசனத் திட்டமும் நிறைவடைந்தது. இன்று பட்டணத்தைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல்வயல்களைப் பார்க்கலாம்.

வைஃபைக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தொடர்பு உண்டு. நீர்த்தேக்கம் ஒன்று, வாய்க்கால்கள் பல, வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு. எந்த மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் மேல்வயல்காரர் எல்லா நீரையும் எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஓரிடத்தில் இருந்து திட்டமிட்டுத் திறக்கிறார்கள். வைஃபை கட்டுப்படுத்தி செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

கட்டுப்படுத்தி என்றால் என்ன?

நம் வீட்டில் இருக்கும் ரூட்டரை எடுத்துக்கொள்வோம். இணைய இணைப்பைப் பெறுவது, அலையாகப் பரப்புவது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுப்பது ஆகிய எல்லா வேலைகளையும் அந்த ஒரே பெட்டி செய்கிறது. ஒரு வீட்டுக்கு அது போதும்.

நம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். விரிவுரை மண்டபம், நூலகம், விடுதி என்று எங்கும் கூரையில் வெள்ளைத் தட்டு போன்ற ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் அக்சஸ் பாயிண்ட். தமிழில் அணுகுமுனை என்று சொல்லலாம். ஒரு வளாகத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போய் மாற்ற முடியுமா? அருகருகே உள்ள இரண்டு அணுகுமுனைகள் ஒரே அலைவரிசையில் பேசினால் இடிபடுமே, அதை யார் பார்த்துக்கொள்வது?

வைஃபையின் அடிப்படை விதிகளாகிய 802.11 என்ற தரநிலை 1997இல் வெளிவந்தது. அப்போது அதன் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட் ஆக்கியது. 'வைஃபை' என்ற பெயரும் அந்த ஆண்டில் வந்ததுதான். அது ஏதோ ஒரு சொற்றொடரின் சுருக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விற்பனைக்காக உருவாக்கப்பட்ட பெயர். விரிவு எதுவும் கிடையாது. நம் தமிழ்க் கணிமையாளர்கள் 'அருகலை' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒவ்வோர் அணுகுமுனையும் தனிக்காட்டு ராஜா. 2000ஆம் ஆண்டுகளில் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இவற்றின் எண்ணிக்கை பெருகியதும், முடிவெடுக்கும் பொறுப்பைத் தனியே பிரித்து ஒரு மையக் கருவியிடம் கொடுத்தார்கள். அதுவே கண்ட்ரோலர், அதாவது கட்டுப்படுத்தி. இத்துறையில் முன்னோடியான ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தைச் சிஸ்கோ 2005இல் வாங்கியது. கட்டுப்படுத்தியும் அணுகுமுனையும் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறையாகக் 'கேப்வாப்' 2009இல் வெளியிடப்பட்டது. அதில் கட்டளைகள் 5246 என்ற எண்ணுள்ள வாயில் வழியாகவும், பயனரின் தரவு 5247 என்ற வாயில் வழியாகவும் போகும். இன்று யூபிக்விட்டியின் யூனிஃபை, டிபி-லிங்க்கின் ஓமாடா போன்ற சிறிய வகைக் கட்டுப்படுத்திகள் வந்துவிட்டதால், ஒரு சிறு மண்டபத்தில்கூட இதை வைக்கலாம். சில, கையடக்கப் பெட்டியாகக் கிடைக்கும். சில, சாதாரணக் கணினியில் நிறுவும் மென்பொருளாகக் கிடைக்கும். எங்கிருந்தும் இணையத்தின் வழியே அவற்றைப் பார்வையிடவும் முடியும்.

மண்டபத்துக்கு வந்த கட்டுப்படுத்தி

எங்கள் ஊருக்கு அருகே ஒரு பொது மண்டபம் இருக்கிறது. அங்கே படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு மாலையில் இலவச வகுப்பு நடக்கிறது. கணிதத்தையும் வரலாற்றையும் முன்னாள் மாணவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வில் 2013ஆம் ஆண்டு முதல் வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள், தூரத்தில் இருக்கும் அண்ணன் அக்காமார்கள் இணையம் வழியே பாடம் நடத்துவார்கள். மாணவர்கள் தத்தம் கைத்தொலைபேசியில் பயிற்சிக் கேள்விகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

2024 ஆகஸ்டில், ஊரைச் சேர்ந்த ஒருவர் தம் அலுவலகத்தில் மாற்றிய நான்கு அணுகுமுனைகளையும் ஒரு சிறு கட்டுப்படுத்தியையும் மண்டபத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பருவ விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த என்னிடம் அந்தப் பொறுப்பு வந்தது. படித்ததைச் செய்து பார்க்கும் வாய்ப்பு. இரண்டு நாள் சாப்பாட்டைக்கூட மறந்து வேலை செய்தேன். நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நாளை உங்கள் ஊர் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ உங்களுக்கும் இந்த வேலை வரலாம்.

அமைக்கும் முறை

முதலாவது, நாட்டைத் தேர்ந்தெடுத்தல். கட்டுப்படுத்தியைத் திறந்ததும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. பலர் கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எந்த அலைவரிசையை எவ்வளவு வலுவோடு பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் அதை வகுப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். மலேசியா என்று சரியாகக் குறித்தால் மற்ற வரம்புகளைக் கருவி தானே பின்பற்றும்.

இரண்டாவது, பழைய கடவுச்சொல்லை அழித்தல். தொழிற்சாலையில் இருந்து வரும் நிர்வாகக் கடவுச்சொல் உலகத்துக்கே தெரிந்தது. அதை மாற்றிவிட்டு, கருவியின் உள்மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, அணுகுமுனைகளைச் சேர்த்தல். ஒரே வலையமைப்பில் இருந்தால் அணுகுமுனை தானே குரல் கொடுத்துக் கட்டுப்படுத்தியைக் கண்டுபிடித்துவிடும். கட்டுப்படுத்தி வேறு கட்டடத்தில் இருந்தால், முகவரி வழங்கும் சேவையிலேயே கட்டுப்படுத்தியின் முகவரியையும் சேர்த்து அனுப்பலாம். 43ஆம் எண் விருப்பத்தேர்வு என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

நான்காவது, பாதைகளைப் பிரித்தல். விலான் என்பது ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி வாய்க்கால். மண்டப அலுவலகக் கணினிக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, கருவிகளை நிர்வகிக்க ஒன்று என மூன்றாகப் பிரித்தேன். மாணவர் ஒருவரின் கைத்தொலைபேசியில் நச்சுநிரல் இருந்தாலும் அலுவலகக் கணக்குப் புத்தகத்தை அது தொட முடியாது.

ஐந்தாவது, வைஃபைக்குப் பெயர் வைத்தல். இதில் நம் மொழிக்கு ஒரு செய்தி இருக்கிறது. வைஃபை பெயரின் உச்ச நீளம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறிகளே. 'படிப்பகம்' என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ ஒன்பது குறி, 27 பைட். ஆகவே அடங்கிவிடும். 'தமிழ்ப் படிப்பகம்' என்று வைக்க ஆசைப்பட்டேன். 49 பைட் ஆனதால் கருவி ஏற்கவில்லை. 'படிப்பகம்' என்று தமிழிலேயே வைத்தேன். பெயர்களைக் கண்டபடி பெருக்கவும் கூடாது. ஒவ்வொரு பெயரையும் ஒவ்வோர் அணுகுமுனையும் வினாடிக்கு ஏறக்குறைய பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும். ஐந்தாறு பெயர் வைத்தால் அறிவிப்புக்கே நேரம் போய்விடும். இரண்டு மூன்று பெயருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறாவது, அலைவரிசை. வைஃபை இயங்கும் பட்டைகளில் முக்கியமானவை இரண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் இடம் குறைவு. அதன் அலைவரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றை மட்டுமே ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்த முடியும். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் அதிகம், வேகமும் அதிகம், தூரம் குறைவு. அதன் ஒரு பகுதியை வானிலை ராடார் போன்றவையும் பயன்படுத்துவதால், ராடார் ஒலித்தால் அணுகுமுனை அந்த அலைவரிசையை விட்டு விலக வேண்டும் என்பது விதி. 6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியும் நம் நாட்டில் 2022இல் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்டது. எங்கள் நன்கொடைக் கருவிகளில் அந்த வசதி இல்லை.

ஏழாவது, பாதுகாப்பு முறை. முதலில் இருந்த வெப் என்ற முறையை 2001இலேயே ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்கள். 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2 வந்தன. இரண்டாவதிலும் 2017இல் 'கிராக்' என்ற ஓட்டை கண்டறியப்பட்டது. அதை மென்பொருள் புதுப்பிப்பால் அடைத்தார்கள். 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. நம் பல்கலைக்கழகங்களில் இருக்கும் எடுரோம் இன்னொரு வகை. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லாக இல்லாமல் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கும். உங்கள் பல்கலைக்கழகக் கணக்கைக் கொண்டே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் இணையலாம். மண்டபத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால், ஒரே கடவுச்சொல் உள்ள முறையை எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது, ஏழாவது படிகளில் நான் எடுத்த முடிவுகளைக் கேளுங்கள். 2.4 பட்டை நெரிசலானது. ஆகவே அதை அடியோடு நிறுத்தி, 5 பட்டையை மட்டும் விட்டேன். டபிள்யூபிஏ3 புதியது, வலுவானது. ஆகவே அதை மட்டும் வைத்தேன். வேகத்தைச் சோதித்தபோது என் கைத்தொலைபேசியில் எண்கள் துள்ளின. மண்டபச் செயலாளரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அன்று மண்டபச் செயற்குழுவில் இருக்கும் ஓர் ஐயா வாசலில் உட்கார்ந்திருந்தார். நீர்ப்பாசன இலாகாவில் மதகு திறந்து மூடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டார்.

"முடிஞ்சது ஐயா. நல்ல ஸ்பீடு."

"மேல்வயல்ல எப்பவும் நல்லாத்தான் போகும். கடைமடைக்குப் போச்சான்னு பாத்தியா?"

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலைத்தான் கடைமடை என்பார்கள். மண்டபத்தின் பின்மூலையைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் கைத்தொலைபேசியோடு பின்மூலைக்குப் போய்ப் பார்த்தேன். அலை நன்றாக இருந்தது. "போகுது ஐயா," என்றேன். இரண்டு நாளில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டேன்.

திரையில் எல்லாம் பச்சை

விடுதியில் இருந்தபடியே கட்டுப்படுத்தியின் பக்கத்தை அடிக்கடி பார்ப்பேன். நான்கு அணுகுமுனைகளும் பச்சை. வகுப்பு நடக்கும் மாலைகளில் 23, 24 பேர் இணைந்திருப்பார்கள். அனைவருக்கும் 'மிக நன்று' என்ற குறி. அறைத்தோழனிடம் காட்டி மகிழ்ந்தேன். வகுப்பில் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். மற்றவர்கள் வரவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

2024 அக்டோபர் 31 தீபாவளி. அந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு மாலை வகுப்புக்குப் போனேன். அன்று 29 பேர் இருந்தார்கள். கட்டுப்படுத்தியில் 24 பேர். ஐந்து பேர் எங்கே?

கதவோரம் ஒரு படிவம் 5 மாணவி தோழியின் திரையை எட்டிப் பார்த்துப் பார்த்துக் கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, உன் போன்ல போடலையா?" என்று கேட்டேன்.

"என் போன்ல வராது அண்ணே. பழசு. அம்மாவோடது."

"எப்ப இருந்து?"

"முன்னாடி பழைய ரூட்டர்ல வந்துச்சு. நீங்க புதுசு போட்டதுல இருந்து பேரே காட்டல."

பத்து வாரம். யாரும் என்னிடம் புகார் சொல்லவில்லை. கருவி புதியது, போட்டவர் பல்கலைக்கழக மாணவர், ஆகவே குறை தங்கள் போனில்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவளைப் போல மொத்தம் ஏழு பேர். அன்று வந்திருந்த ஐவரைத் தவிர இன்னும் இருவர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் மாலையில் ஓர் உணவுக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நானும் படிவம் 5 மாணவன்தான். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. எங்கள் எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. தம்பியின் வகுப்பு முடியும் வரை காத்திருந்து, ஆசிரியர் அனுப்பிய பாடங்களை இரவில் பார்த்தவன் நான். நான்கு ஆண்டில் அதை மறந்து, என் கையில் இருந்த புதுப் போனை அளவுகோலாக வைத்து ஒரு மண்டபத்தையே அமைத்துவிட்டேன்.

ஏன் இணையவில்லை?

காரணம் இரண்டு.

ஏழு பேரில் நால்வரின் கைத்தொலைபேசிகளில் 2.4 பட்டையை மட்டுமே கேட்கும் வசதி உண்டு. மலிவு விலையில் வந்த பழைய கைத்தொலைபேசிகள் பல இப்படித்தான். நான் அந்தப் பட்டையை நிறுத்தியதால், அவர்களுக்கு 'படிப்பகம்' என்ற பெயரே தெரியவில்லை.

மற்ற மூவருக்குப் பெயர் தெரிந்தது, கடவுச்சொல்லும் சரி, ஆனால் இணையவில்லை. ஆண்ட்ராய்டில் டபிள்யூபிஏ3 ஆதரவு 2019இல் வந்த 10ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆப்பிளின் ஐஓஎஸ் 13 வந்ததும் அதே ஆண்டில். அதற்கு முந்தைய பதிப்பிலேயே நின்றுவிட்ட கருவிக்கு டபிள்யூபிஏ3 பேசத் தெரியாது.

கட்டுப்படுத்தி இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? இதுதான் இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கட்டுப்படுத்தி தன்னோடு இணைந்தவர்களைத்தான் எண்ணும். பெயரையே பார்க்க முடியாத கருவி கதவைத் தட்டுவதே இல்லை. பாதுகாப்பு முறை தெரியாத கருவியும் பெரும்பாலும் முயற்சி செய்யாமலே ஒதுங்கிவிடும். ஆகவே பதிவேட்டில் பிழை என்று எதுவும் விழாது. வர முடியாதவர்கள் கணக்கில் இல்லாததால், வந்தவர்களின் சராசரி மேலும் அழகாகத் தெரியும். நான் ஏழு பேரை வெளியே நிறுத்தினேன். திரையோ 'மிக நன்று' என்றது.

இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் குறைவு. நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசைகளை 4ஜிக்குப் பயன்படுத்துவது தொழில்நுட்ப நோக்கில் சரியான முடிவே. ஆனால் 3ஜி வரை மட்டுமே தெரிந்த பழைய கைத்தொலைபேசிக்கு, அதன்பின் உருப்படியான இணையம் வேண்டுமென்றால் வைஃபை ஒன்றுதான் வழி. அந்த மாணவியின் கையில் இருந்ததும் அத்தகைய போன்தான்.

எப்படித் திருத்தினேன்?

எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிடுவது தீர்வாகாது. பழையதை ஏற்பதற்கு விலை உண்டு. அலை என்பது எல்லாரும் மாறி மாறிப் பேசும் ஒரே வெளி. 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 0.22 மில்லி வினாடி போதும். அதையே 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லி வினாடி ஆகும். மெதுவாகப் பேசும் ஒருவருக்காக மற்றவர்கள் ஐம்பது மடங்குக்கு மேல் காத்திருக்க நேரும். ஆகவே யாருக்கு எது தேவை என்று பார்த்துத் திறக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மாணவர்களிடம் போனேன். ஒவ்வொருவரின் கைத்தொலைபேசி எந்தப் பதிப்பு, 5 பட்டை வருமா என்று குறித்துக்கொண்டேன். ஆகஸ்டிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

அதன்பின் 2.4 பட்டையை நான்கில் மூன்று அணுகுமுனைகளில் மட்டும் திறந்தேன். ஒன்றுக்கு 1, ஒன்றுக்கு 6, ஒன்றுக்கு 11 என்று அலைவரிசை கொடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸோடு நிறுத்தினேன். வலுவையும் குறைத்தேன். 802.11பி காலத்து மிக மெதுவான வேகங்களை மட்டும் நிறுத்தினேன். அவை மட்டுமே தெரிந்த கருவி என் தாளில் ஒன்றுகூட இல்லை. தாளைப் பார்த்த பிறகே நிறுத்தினேன் என்பதுதான் வேறுபாடு.

பாதுகாப்பில், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் இடைமாற்ற முறையை முதலில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கருவிகள் இணைந்தன. மிகப் பழைய இரண்டு அப்போதும் தடுமாறின. அவற்றுக்காக 'படிப்பகம்2' என்று இன்னொரு பெயர் வைத்து, அதில் டபிள்யூபிஏ2 மட்டும் கொடுத்தேன். நீளமான கடவுச்சொல்லோடு இருந்தால் இன்றும் அது ஏற்கத்தக்கதே. அந்தப் பெயரில் வருபவர்களைத் தனி விலானில் விட்டு, ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேச முடியாதபடி பிரித்தேன். ஒருவரே எல்லா வேகத்தையும் எடுத்துக்கொள்ளாதபடி எல்லாருக்கும் ஒரே உச்ச வரம்பும் வைத்தேன். வேகச் சோதனையின் எண் முன்பைவிடக் குறைந்தது. வகுப்பு நடத்த அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

கடைசியாக அந்த மாணவியின் போனை வாங்கி 'படிப்பகம்2' என்ற பெயரைத் தேடினேன். திரை கீறல் விழுந்து பாதி மங்கியிருந்தது. தமிழ் எழுத்து தெரியுமா என்ற பயமும் இருந்தது. சில பழைய கருவிகள் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டக்கூடும். நல்லவேளை, பெயர் தெளிவாக வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். சில வினாடி யோசித்துவிட்டு இணைந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கிக்கொண்டு போய், விட்டுப்போன பயிற்சிகளை முதலில் இருந்து திறக்கத் தொடங்கினாள்.

வருவதை நிறுத்திய இருவர் வீட்டுக்கும் நேரில் போனேன். ஒருவன் மறுவாரமே வந்தான். வேலைக்குப் போன மற்றவன், "பார்க்கிறேன் அண்ணே," என்றான். வரவில்லை. வைஃபை ஒன்றுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. காரணங்களில் அதுவும் ஒன்று என்பதை மறுக்கவும் முடியாது.

நீங்கள் அமைக்கும்போது

வாசகர்களே, நம்மில் பலர் நாளை பொறியாளர்களாக, ஆசிரியர்களாக, அதிகாரிகளாகப் போகிறவர்கள். முன்னாள் மாணவர்களில் பலர் ஏற்கெனவே அந்த இடங்களில் இருக்கிறீர்கள். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பொது மண்டபங்களும் கோயில் வகுப்புகளும் எண்ணிலடங்கா. அவற்றுள் ஒன்றில் கருவி வாங்கிக் கொடுக்கவோ, அமைத்துக் கொடுக்கவோ உங்களுக்கு வாய்ப்பு வரலாம். அப்போது மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, கட்டுப்படுத்தியைத் திறப்பதற்குமுன் தாளும் பேனாவும் எடுங்கள். வரப்போகிறவர்களின் கையில் என்ன கருவி இருக்கிறது என்று எழுதுங்கள்.

இரண்டு, அந்தப் பட்டியலில் மிகப் பழைய கருவியைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டு சோதியுங்கள். உங்கள் சொந்தக் கைத்தொலைபேசியில் வேலை செய்வதைச் சோதனை என்று எண்ணாதீர்கள்.

மூன்று, திரையில் காட்டும் எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாட்டைத் தேடிப் போங்கள். அமைப்பு முறையின் படி ஒன்றை எடுத்துத் தனியே சேமித்து வைக்கவும் மறவாதீர்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.

தீபாவளி விடுமுறை முடிந்து நான் புறப்படும் நாளில் அந்த ஐயாவைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மதகு திறக்கிற எடத்துல நின்னா எப்பவும் தண்ணி நெறைய ஓடுறாப்லதான் தெரியும் தம்பி. நாங்க தெறந்துட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுக் கடைசி வயல் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றார்.

இப்போது என் பையில் பழைய கைத்தொலைபேசி ஒன்று எப்போதும் இருக்கிறது. 2.4 பட்டை மட்டும் வரும். திரை சிறியது. இரண்டாம் கை கடையில் வாங்கினேன். எங்கே வைஃபை அமைத்தாலும் அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.